பெருமாள் வரும் தெருவில் ஒரு வீடு

என் தம்பி பாஷ்யம் நடுத்தெருவில் குனிந்து அளவு நாடாவை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தான். நாடாவின் மறுமுனை வீட்டு வாசற்படியில், தரகர் முனுசாமியின் கட்டைவிரலுக்குக் கீழே இருந்தது. பாஷ்யம் ஒரு கையால் நாடாவை அழுத்திக்கொண்டு மறுகையால் தார்ச்சாலையில் சாக்பீஸ் கோடு போட்டான். வந்த ஸ்கூட்டர்கள் எல்லாம் ஹார்ன் அடித்துவிட்டு அவனைச் சுற்றிக்கொண்டு போயின. அவன் நிமிரவில்லை.

“இன்னா சாமி, வூடு வாடகைக்கு எடுக்கிறீங்களா, ரோட்டை வாங்கப் போறீங்களா?” என்றார் முனுசாமி.

“பெருமாள் நடுவீதில எழுந்தருள்வார். தூக்கறவா அந்தண்டை இந்தண்டை நிப்பா. குடைக்கு வேற இடம் விடணும். அதெல்லாம் போக வாசலுக்கும் பெருமாளுக்கும் நடுவுல எத்தனை தூரம்னு தெரியணுமோன்னோ? அம்ருதா நாற்காலில உட்கார்ந்தபடியே சேவிக்கணும்.”

கணக்கு அவனுக்குத் திருப்தியாக வந்தது. நாடாவைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். வீட்டுக்குள்ளே அளக்க ஒன்றும் இருப்பதாக அவனுக்குத் தோன்றவில்லை.

நான் உள்ளே போய்ப் பார்த்தேன். முன்கட்டு, நடுக்கட்டு, முற்றம், பின்கட்டு என்று வீடு ரயில்பெட்டி மாதிரி நீண்டுகொண்டே போயிற்று. ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு நிலைப்படி. முற்றத்தில் இறங்க வேண்டும், ஏற வேண்டும். பின்கட்டையும் கடந்தால் கிணறு. கிணற்றுக்கும் அப்பால், பக்கத்துத் தெருவுக்குக் கொஞ்சம் முன்னால், கழிப்பறை இருந்தது.

அம்ருதவல்லி பாஷ்யத்தின் மனைவி. சென்னையில் அவர்கள் குடியிருந்த இரண்டாம் மாடி வீட்டின் படிக்கட்டில் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டவள். அறுவைச் சிகிச்சை நன்றாகவே முடிந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள், ஆனால் காலைத் தூக்கி எதையும் தாண்ட முடியாது. நான் பல வருஷம் சென்னையில் வயதான நோயாளிகளை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் வேலை செய்தவள், அதற்கென்று பயிற்சியும் எடுத்தவள். எனக்கு எந்த வீடும் கழிப்பறையிலிருந்துதான் ஆரம்பிக்கும். பாஷ்யத்துக்கு வாசலில் ஆரம்பித்து வெளியே போகும்.

அவன் பிறந்தது சின்ன காஞ்சிபுரத்தில். படிப்பு முடிந்ததும் சென்னையில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் சேர்ந்தான். பணம் கேட்டு வருகிறவர்களுக்கு ஏன் பணம் கிடையாது என்று விளக்கிக் கடிதம் எழுதும் பிரிவு. ஓய்வு பெறும்வரை அதே பிரிவுதான். பத்திரத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனைகளை அவனைப் போல் படித்துக் காட்ட ஆள் கிடையாது. கல்யாணச் சத்திரத்து ரசீதைக்கூடத் திருப்பிப் பார்ப்பான்.

ஓய்வுக்குப் பிறகு எங்கே இருப்பது என்பதை அவன் தலை நரைப்பதற்கு முன்பே யோசிக்க ஆரம்பித்துவிட்டான். ஸ்ரீரங்கத்துக்குப் போய்ப் பார்த்தான், வெயில் அதிகம் என்று திரும்பி வந்தான். அதைச் சொன்னவன் காஞ்சிபுரத்துக்காரன். மைசூரில் சாத்தமுதுக்கு, அதாவது ரசத்துக்கு, வெல்லம் போடுகிறார்கள் என்றான். கும்பகோணத்தில் கொசு. கோயம்புத்தூரில் எல்லோரும் வேலை செய்துகொண்டே இருக்கிறார்களாம், ஓய்வு பெற்றவனுக்குக் கூச்சமாக இருக்கிறதாம். வாடகை கட்டுப்படியாகவில்லை என்று மட்டும் ஓர் ஊரைப் பற்றியும் அவன் சொன்னதில்லை. அம்ருதா விழுந்த பிறகு சென்னை மாடி வீடும் முடியாது, லிஃப்ட் வைத்த வீடும் கட்டுப்படியாகாது என்று ஆனது. அப்போதுதான் அவனுக்குச் சொந்த ஊரின்மேல் பக்தி பெருகிற்று. இருவரும் வந்து காஞ்சிபுரத்தில் என் வீட்டு முன்னறையில் தங்கிக்கொண்டு வீடு தேடினார்கள்.

வந்த அன்றே அம்ருதா சொன்னாள்: “அக்கா, எனக்குப் பெரிய வீடு வேண்டாம். சின்ன வீடும் போதும். பாத்ரூமுக்கு யார் கையையும் பிடிச்சுக்காம நானே போய்ட்டு நானே வரணும். ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த நாளா அது ஒண்ணுதான் வேண்டிண்டிருக்கேன்.”

“அதெல்லாம் பெருமாள் பார்த்துப்பார்,” என்றான் பாஷ்யம்.

“இதைப் பெருமாள் பார்க்க வேண்டாம்,” என்றாள் அவள்.

முதலில் ஏனாத்தூர் தாண்டி முதியோருக்கென்றே கட்டிய குடியிருப்புக்குப் போனோம். போகச் சொன்னது நான்தான். கழிப்பறையில் கைப்பிடி உண்டு என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். தேவிப்ரியா என்ற பெண் எங்களை வரவேற்று நெற்றியில் சந்தனம் வைத்தாள். “அங்கிள், இங்க காலைல சுப்ரபாதம் ஆட்டோமேட்டிக்கா எல்லா ஃப்ளாட்லயும் பாடும். ஆஃப் பண்ணவே முடியாது,” என்றாள். மாதாமாதம் பராமரிப்புக்கு என்று அவள் சொன்ன தொகையைக் கேட்டதும் பாஷ்யம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தான். நான் கழிப்பறைக்குள் போய்க் கைப்பிடியைப் பிடித்து என் முழு எடையையும் போட்டேன். கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

“ஐயோ மேடம், அது சும்மா ஒட்டி வெச்சது. மாடல் ஃப்ளாட் இல்ல? யாரும் பிடிக்க மாட்டாங்க,” என்றாள் தேவிப்ரியா. கைப்பிடியை அவளிடமே கொடுத்துவிட்டு வந்தோம்.

அடுத்தது பிள்ளையார்பாளையம். இளங்கோவன் என்ற நெசவாளர் கட்டிய வீடு. தறிகளைத் தன் அண்ணன் வீட்டோடு சேர்த்துப் போட்டுக்கொண்டதால் இதை வாடகைக்கு விடுகிறார். தறி போடக் கட்டிய கூடம் என்பதால் நடுவில் தூண் இல்லை, சுவர் இல்லை, ஒரே நீளம். தறிக்குழிகளை மூடி மேலே ஓடு பதித்திருந்தார். பட்டு இழைக்கு வெளிச்சம் வேண்டும் என்று கூரையில் கண்ணாடி வைத்திருந்தார்கள். கூடத்தை ஒட்டியே கழிப்பறை, மேல்நாட்டு மாதிரி, படி கிடையாது. குழித்தறியில் கால் மாற்றி மாற்றி மிதித்து முழங்கால் போன தன் அப்பாவுக்காகக் கட்டியது என்றார். அம்ருதா வாக்கரோடு கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தாள். பிறகு யாரும் சொல்லாமலே இன்னொரு தடவை நடந்தாள்.

“ஒண்ணு மட்டும் சொல்லிடறேன் ஐயரே,” என்றார் இளங்கோவன்.

“ஐயங்கார்,” என்றான் பாஷ்யம்.

“சரி சாமி. சில நாள் காலைல தெருவுல பாவு போடுவோம். பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக்கினு வேலை நடக்கும். அந்த நேரத்துக்கு வண்டி கிண்டி வூட்டாண்ட வராது. அப்பாலிக்கா வந்து சண்டை போடக் கூடாது, அதான் முன்னாடியே சொல்லிக்கினு இருக்கேன்.”

பாஷ்யம் நிமிர்ந்து உட்கார்ந்தான். கடிதம் எழுதும் பிரிவில் அப்படித்தான் உட்கார்ந்திருப்பான் போலிருக்கிறது. “அதாவது, வாடகையை முழுசா வாங்கிண்டு வாசலை மட்டும் நீங்க வெச்சுப்பேள். இதுக்கு நான் எப்படி ஒத்துக்கறது?” வெளியே வந்ததும் என்னிடம், “அக்கம்பக்கத்துத் தறிச் சத்தம் வேற நாள் பூரா கேட்கறது. தவிர, இந்தத் தெருவுக்கு வரதராஜப் பெருமாள் வர மாட்டார்,” என்றான்.

“டாக்டர் வருவார்டா,” என்றேன்.

மூன்றாவது, அவன் தெருவை அளந்த இந்த வீடு. சொந்தக்காரன் ஹர்ஷவர்தன் பெங்களூரில் இருக்கிறான். வாடகை அந்தத் தெருவுக்கு நம்ப முடியாத அளவுக்குக் குறைவு. வீடியோவில் வந்து பேசினான்.

“அங்கிள், ஒரே ஒரு சின்ன கண்டிஷன். வைகாசி உற்சவம் பத்து நாளும் முன்கட்டு எங்க ஃபேமிலிக்கு. தாத்தா காலத்துலேர்ந்து அப்படித்தான். கருட சேவை அன்னிக்கு மட்டும் கொஞ்சம் கூட்டமா இருக்கும். நீங்க நடுக்கட்டுல தாராளமா இருக்கலாம்.”

பொடி எழுத்தில் கூட இல்லை, வாய்விட்டே சொன்னான். ஊரார் நிபந்தனைகளை எல்லாம் படித்துக் காட்டியவன் தலையைத் தலையை ஆட்டினான். பெருமாள் வாசலில் வருவார் என்பதற்கு மேல் அவன் காதில் எதுவும் விழவில்லை. “உற்சவத்துக்கே வந்துடறோம், பத்து நாள் இருந்து பார்த்துட்டு அக்ரிமெண்ட் போட்டுக்கலாம்,” என்று வேறு சொன்னான். அதாவது வாசல் தன்னுடையதாக இல்லாத பத்து நாளைத் தேர்ந்தெடுத்து வாசலை அனுபவிக்கப் போனான்.

கிணற்றைத் தாண்டிய கழிப்பறைக்கு அம்ருதா போக முடியாது என்று நான் ஒரு கமோடு சேர் வாங்கிக்கொண்டு வந்தேன். மூடியைத் திறந்தால் கீழே வாளி, மூடினால் மெத்தென்ற ஆசனம். நடுக்கட்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டேன். வேறு வழி இல்லாமல்தான் போட்டேன். அம்ருதா கேட்டது இதுவல்ல. முதல் நாள் அதைப் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். காலைக் காப்பியைப் பாதியாக்கிக்கொண்டாள், ராத்திரி மோரை நிறுத்திவிட்டாள்.

பாஷ்யத்துக்கு வேறு கவலை. “பெருமாள் எழுந்தருள்ற வீதி. அவா எல்லாம் மடியா வருவா. நடுக்கட்டுல இதைப் பார்த்தா என்ன நினைப்பா?” என்று தன் மயில்கண் வேஷ்டியை எடுத்து அதன்மேல் மடிப்பு மடிப்பாகப் போர்த்தினான். கரை முன்பக்கம் தெரிய வேண்டும் என்று இரண்டு தடவை சரி செய்தான். முடித்துவிட்டுப் பார்த்தால் மடாதிபதி யாரோ வந்து உட்கார வேண்டிய ஆசனம் மாதிரி இருந்தது.

கருட சேவைக்கு முதல் நாள் சாயங்காலத்திலிருந்தே ஹர்ஷவர்தனின் உறவினர்கள் வந்து இறங்கினார்கள். பெங்களூர் வேன், சென்னை வேன், தனித்தனிக் கார்கள். முன்கட்டு நிறைந்து நடுக்கட்டுக்கு வழிந்தது. எல்லோரும் அம்ருதாவிடம் வந்து, “குடுத்து வெச்சவா நீங்க! இந்தத் தெருவுல இருக்கறதுன்னா சும்மாவா?” என்று சொல்லிவிட்டு, பாத்ரூம் எங்கே என்று கேட்டார்கள். பின்கட்டில் வரிசை நின்றது. கோயில் வரிசையில் காட்டும் பொறுமையில் கால்பங்குகூட அங்கே இல்லை.

அம்ருதா அன்று ராத்திரி தண்ணீரே குடிக்கவில்லை. நான் திட்டியும் குடிக்கவில்லை. விடிவதற்கு முன்னால் எல்லோரும் வாசலுக்கு ஓடியபோது, நெஞ்சு உலர்கிறது என்று ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தாள். தூரத்தில் திருச்சின்னம் ஊதும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டாள்.

“அக்கா, போகணும்.”

நடுக்கட்டில் மிச்சம் நின்றவர்களை வாசல் பக்கம் அனுப்பிவிட்டுத் திரும்பினால் கட்டிலோரத்து நாற்காலியைக் காணோம், வாசலுக்கு ஓடிய கூட்டத்தில் யாரோ தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

எட்டிப் பார்த்தேன். வாசல் நிலைக்கு நேரே, எல்லோருக்கும் முன்னால், மயில்கண் வேஷ்டி போர்த்திய ஆசனத்தில், ஹர்ஷவர்தனின் பெரிய அத்தை உட்கார்ந்திருந்தாள். ஒன்பது கஜப் புடவை, வைரத்தோடு, மடியில் தேங்காய்த் தட்டு, கண்ணில் ஜலம். “யாரோ புண்ணியவான், எனக்குன்னே போட்டு வெச்ச மாதிரி இருக்கு. என்ன சுகமா இருக்கு தெரியுமோ!” என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பாஷ்யத்தின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். “போய் எழுந்துக்கச் சொல்லு.”

“என்னன்னு சொல்லுவேன்? பெருமாள் திரும்பற நேரத்துல, அவா உட்கார்ந்திருக்கறது என்னன்னு எப்படிக்கா சொல்றது?”

“அப்போ உன் ஆத்துக்காரிகிட்ட வந்து இதைச் சொல்லு.”

உள்ளே வந்தான். “அம்ருதா, ரெண்டே நிமிஷம். கருடன் முனை திரும்பியாச்சு. அவர் கடந்து போனதும் மாமி தானா எழுந்துப்பா.”

“எனக்கு ரெண்டு நிமிஷம் கிடையாது,” என்றாள்.

அவன் வாசலுக்குப் போனான். கைகூப்பினான். அத்தையின் பக்கம் குனிந்து வாயைத் திறந்தான், மூடினான். திரும்பி வந்தான். மறுபடி போனான். கொட்டு மேளச் சத்தம் தெருவுக்குள் வந்துவிட்டது.

அம்ருதா வாக்கரைப் பிடித்து எழுந்தாள். நான் அவளைத் தாங்கி நிலைப்படியைத் தாண்ட வைத்தேன். அவள் முன்கட்டுக்கு வருவதைப் பார்த்ததும் கூட்டம் உருகிவிட்டது. “வழி விடுங்கோ, வழி விடுங்கோ! முடியாதவா, அந்தக் காலோட சேவிக்க வரா பாருங்கோ!” ஒரு மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்ருதா நேரே நாற்காலிக்குப் போய் நின்றாள்.

“மாமி, கொஞ்சம் எழுந்திருங்கோ.”

“இருடிம்மா, பெருமாள் இதோ வந்துட்டார். நீயும் இப்படி ஓரமா நின்னு சேவி.”

“சேவிக்க வரல மாமி. நீங்க உட்கார்ந்திருக்கறது என்னோட கக்கூஸ்.”

வேஷ்டியைத் தூக்கி வாளியைக் காட்டினாள்.

அத்தை எழுந்த வேகத்தில் தேங்காய்த் தட்டு தெருவில் போய் விழுந்தது. வாசலில் இருந்த அத்தனை பேரும் வீட்டுப் பக்கம் திரும்பினார்கள். “என்னது, என்னது?” என்று பின்னால் இருந்தவர்கள் கழுத்தை நீட்டினார்கள். ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டார், வாளி கழுவித் துடைத்துக் காலியாக இருந்தும். பாஷ்யம் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினான். நாங்கள் பின்னால் போனோம். நான் போர்வையை விரித்துத் திரை பிடித்தேன். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அதற்குள் கருட வாகனம் வீட்டைக் கடந்து போய்விட்டது. குடை, ஆலவட்டம், முன்னால் பிரபந்தம், பின்னால் வேதம் எல்லாம் போயாயிற்று. கமோடு சேரைப் பார்த்துக்கொண்டிருந்ததில் அந்த வீட்டில் ஒருவர்கூடப் பெருமாளைச் சேவிக்கவில்லை. வருஷம் முழுதும் அந்த ஒரு நிமிஷத்துக்கென்று வாடகையைக் குறைத்து வைத்திருந்த குடும்பம் அது.

வேன்கள் மத்தியானமே கிளம்பின. அத்தை இரண்டு தடவை தலைக்குக் குளித்தாள், இரண்டுக்கும் பின்கட்டு வரிசையில் நின்று. சாயங்காலம், வேனில் போகாமல் தங்கியிருந்த ஹர்ஷவர்தன் பாஷ்யத்தை முற்றத்துக்குக் கூப்பிட்டான். அம்ருதாவுக்குக் கேட்கும் தூரம்தான்.

“அங்கிள், நான் தப்பா எடுத்துக்கல. ஆனா ஃபேமிலில எல்லாரும் அப்செட். தீட்டுக் கழிய ஒரு புண்யாஹவாசனம் பண்ணிடலாம்னு சொல்றா. நீங்க தாராளமா இங்கயே இருங்கோ. அந்தச் சேர் மட்டும் ஆத்துக்குள்ள வேண்டாம். பின்னாடி பாத்ரூம் இருக்கே, ஆன்ட்டி அங்க போகட்டுமே.”

பாஷ்யம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்த வீடு இன்னும் அவனுக்கு வேண்டும் என்பது முகத்திலேயே தெரிந்தது. என்னைப் பார்த்தான். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அம்ருதாவைப் பார்த்தான்.

“என்னை எதுக்குப் பார்க்கறேள்?” என்றாள். “பெருமாள் வருஷத்துல பத்து நாள் வரார். நான் தினம் ஆறு தடவை போறேன். யார் வசதிக்கு வீடு பார்க்கறதுன்னு நீங்களே சொல்லுங்கோ.”

அவன் தூணிலிருந்து கையை எடுத்தான். பிறகு ஹர்ஷவர்தனிடம் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான்: “தம்பி, உங்க நிபந்தனையின்படி வாசல் உங்களோடது. நடுக்கட்டுல என்ன வைக்கறதுங்கறதும் உங்களோடதுன்னா, நான் எதுக்கு வாடகை தரணும்? விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.” கடைசி வாக்கியம் பழைய வேலையிலிருந்து தானாக வந்திருக்க வேண்டும். சொன்ன பிறகு அவனுக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. உடனே அகத்தில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரித்தான்.

மறுநாள் காலையில் முனுசாமி ஆட்டோ பிடித்து வந்தார். “ஏன் சாமி, பெருமாளுக்கு இடம் பத்தலியா?” என்று கேட்டார். பாஷ்யம் வாக்கரைத் தூக்கி ஆட்டோவில் வைத்தான். பிள்ளையார்பாளையத்துத் தெருமுனையிலேயே ஆட்டோ நின்றுவிட்டது. அன்று பாவு போட்டிருந்தார்கள். அரக்குச் சிவப்புப் பட்டு தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருந்தது, இரு பக்கமும் ஆட்கள் குனிந்து அறுந்த இழைகளை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாவுக்கும் சுவருக்கும் நடுவில் வாக்கர் போகிற அளவு வழி இருந்தது. அம்ருதா முன்னால் நடந்தாள். பாஷ்யம் பட்டில் கால் படாமல் வேஷ்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தான்.

இளங்கோவன் கதவைத் திறந்தார். அம்ருதா கூடத்தைக் கடந்து நேரே கழிப்பறைக்குப் போனாள். கதவு சாத்திக்கொண்டது. பிறகு தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. இந்த நிலையில் இருக்கிறவர்கள் உள்ளே தாழ்ப்பாள் போடக் கூடாது என்பதுதான் எங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தது. நான் பேசாமல் இருந்தேன்.

பாஷ்யத்தால் இருக்க முடியவில்லை. கதவருகே போய் நின்றான். “அம்ருதா, பிடிச்சுக்க ஏதாவது இருக்கா? நான் வரட்டுமா?”

“இருக்கு. வர வேண்டாம்.”

கொஞ்சம் பொறுத்து, “ஆச்சா?” என்றான்.

“வாசல்ல போய் நில்லுங்கோன்னா.”

அவன் வாசலுக்குப் போய் இளங்கோவனிடம் முன்பணத்தைக் கொடுத்தான்.